பொழுதுபோக்குக்குப் போகிறவள்

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் வேலைக்குப் போவதில்லை. இருட்டு பிரியுமுன் எழுந்து, அடுப்படியை ஒப்பேற்றி, தலையை அள்ளி முடிந்துகொண்டு, தெருமுனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் அடித்துப்பிடித்து ஏறி, சாயங்காலம் கால் வீங்கித் திரும்பி வருகிறோமே, அதற்குப் பெயர் வேலை இல்லை. மூன்றாம் வீட்டுக்காரி டாக்டர் சொன்னதால் போகிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தால் மூட்டுவலிக்கு நல்லதாம். அவளுக்கு நாங்கள் வைத்த பெயரே மூட்டுவலி. மாடி வீட்டுக்காரி தொழில் கற்றுக்கொள்ளப் போகிறாள். சேர்ந்த நாளிலிருந்து கற்றுக்கொண்டே இருக்கிறாள். கடைசி வீட்டு மருமகள், பஸ் எப்படியும் இந்த வழியாகத்தானே போகிறது என்று ஏறிக்கொள்கிறாள். நான் பொழுதுபோக்குக்குப் போகிறேன்.

இந்தக் காரணங்களைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் இல்லை. எங்களுக்கு ஏது நேரம்? கண்டுபிடித்தவர்கள் எங்கள் வீட்டில் இருந்தவர்கள். அவர்களுக்கு நேரம் நிறைய இருந்தது, ஏனென்றால் இரும்பாலையை மூடிவிட்டார்கள்.

இரும்பாலை ஓடிய காலத்தில் எங்கள் தெரு சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்ட தெரு. என் வீட்டுக்காரர் அங்கே ஃபோர்மேன். அவர் கையசைத்தால்தான் உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுவார்கள் என்று அவருக்குப் பெயர். கப்பலில் மலிவு இரும்பு வந்து இறங்க ஆரம்பித்ததும் ஆலை மூச்சை விட்டது. ஆலை போனாலும் பட்டம் போகவில்லை. இன்றைக்கும் தெருவில் அவர் ஃபோர்மேன்தான், நான் ஃபோர்மேன் சம்சாரம்தான். எதற்கு நீ ஃபோர்மேன் என்று அவரை யாரும் கேட்பதில்லை. கேட்டால், எதற்கு நீ வெல்டர் என்று பதிலுக்கு அவர் கேட்டுவிடுவார்.

ஆலை மூடிய சூட்டோடு ஊருக்கு வெளியே வயர் கம்பெனி வந்தது. கார், லாரிகளுக்குள் ஓடுகிற வயர்களை வரிசைப்படி கோத்து, டேப் சுற்றி, கட்டுக்கட்டாக அனுப்புகிற இடம். தெருவே திரண்டு போனது. ஆண்கள் முன்னால், வேடிக்கை பார்க்க நாங்கள் பின்னால். கேட்டில் நின்றவன் முன்னால் வந்தவர்களை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, பின்னால் நின்றவர்களை உள்ளே கூப்பிட்டான். வயர் கோக்கிற லைனுக்குப் பெண்கள் மட்டும் போதுமாம். பெண்களுக்கு விரல் மெலிசு, பொறுமை ஜாஸ்தி என்று மேனேஜர் விளக்கம் சொன்னார். என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்தே மெலிந்த விரல்தான். பொறுமைக்கு அர்த்தம் சேர்ந்த பிறகு புரிந்தது. கக்கூஸுக்குப் போவதென்றால் லைன் லீடரிடம் கேட்டு, அவள் யோசித்து, பதிலுக்கு ஓர் ஆளைப் பிடித்து நிறுத்தி, பிறகு தலையாட்டுவாள். அதற்குள் அவசரமே சலித்துப்போய் அடங்கிவிடும்.

ஆண்களுக்கும் ஒன்றிரண்டு வேலை இல்லாமல் இல்லை. வாட்ச்மேன் வேலைக்கு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். ஃபோர்மேனாக இருந்தவன் தொப்பியை மாட்டிக்கொண்டு கேட்டில் நின்று சலாம் வைக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. வீட்டில் மாமியார், பள்ளிக்கூடம் போகிற மகள், ஃபோர்மேன், நான் என்று நாலு வயிறும் இருந்தது. நியாயத்தை வேகவைத்துத் தின்ன முடியாது என்பதால் நான் போனேன்.

நான் கிளம்பிய முதல் நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டி, மருமகள் எங்கே புறப்படுகிறாள் என்று என் மாமியாரை விசாரித்தாள். அப்போது என் ஒரு கையில் மகளின் பாதி பின்னிய சடை. அடுப்பில் ஒன்று பொங்கிக்கொண்டிருந்தது. வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது. மாமியார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"வீட்டுலயே அடைஞ்சு கெடந்தா அவளுக்குப் பொழுதே போக மாட்டேங்குதாம். என் மகனும், சரி போயிட்டு வான்னுட்டான். அவன் எதுக்கும் குறுக்க நிக்க மாட்டான்."

உள்ளே இருந்து ஃபோர்மேன் இதைக் கேட்டார். அவர் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி வந்தது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். ஒட்டியிருந்த மண்ணை மாமியார் ஒரே தட்டில் தட்டிவிட்டார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. வெறும் சொல்தானே, சொல்லிவிட்டுப் போகட்டும், அதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று பஸ் ஏறினேன்.

குறைந்தது. வேலைக்குப் போய்விட்டு வருகிறவளுக்குக் கால் வலிக்கலாம். பொழுதைப் போக்கிவிட்டு வருகிறவளுக்கு எப்படி வலிக்கும்? விளையாடப் போகிறவளுக்கு வீட்டு வேலையில் என்ன சலுகை? பாத்திரம் எனக்காகக் காத்திருந்தது, ஊறின துணி ஊறினபடியே இருந்தது. தலைவலி என்று கொஞ்சம் சாய்ந்தால் ஃபோர்மேன், "அவ்வளவு கஷ்டமா இருந்தா நின்னுட வேண்டியதுதானே, யாரு போகச் சொன்னா?" என்பார். அவர் பேச்சைக் கேட்டு நான் நின்றிருந்தால் அடுத்த மாதமே வீட்டு ஓனர் வந்து கதவைத் தட்டியிருப்பார். அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் சொல்வார்.

என் சம்பளத்துக்கு அவர் வைத்த பெயர் கைச்செலவு. வீட்டு வாடகை அந்தக் கைச்செலவு. மகளின் படிப்பு கைச்செலவு. மாமியாரின் மூச்சிரைப்பு மாத்திரை கைச்செலவு. பெண்கள் எல்லாம் இப்படிக் கிளம்பிவிட்டால் நாடு எங்கே போகும் என்று அவர் தினமும் டீக்கடையில் உட்கார்ந்து கவலைப்படுவார். அந்தக் கவலைக்குக் குடிக்கிற டீயும் அதே கைச்செலவுதான்.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து, சாப்பிட வைத்து, நான் வருகிற வரைக்கும் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அவர் இல்லாவிட்டால் நான் தெருமுனையைத் தாண்டியிருக்க முடியாது. இதை நான் மறந்துவிடக் கூடாது என்பதற்காக அவரே தினமும் இரண்டு வேளை நினைவூட்டுவார்.

கம்பெனியில் நான் கெட்டிக்காரி. இதை அடக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் வேறு யாரையாவது கூப்பிட்டுத்தான் சொல்லச் சொல்ல வேண்டும். எங்கள் முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை மெல்ல நகர்ந்துகொண்டே போகும். பலகை நிறைய ஆணி. ஆணிகளுக்கு நடுவே வயரை ஓட்டி, அதன் நுனியில் இருக்கிற பித்தளைப் பின்னை பிளாஸ்டிக் துளைக்குள் அழுத்த வேண்டும். டிக் என்று ஒரு சத்தம் வரும். வந்தால் பொருந்திவிட்டது. வராமல் விட்டுவிட்டால் எங்கோ ஓர் ஊரில் மழைநேரத்தில் ஏதோ ஒரு லாரிக்கு விளக்கு எரியாது. அத்தனை இரைச்சலிலும் பக்கத்துப் பெண்ணின் கையில் டிக் வந்ததா வரவில்லையா என்று எனக்குக் கேட்கும்.

ஒரு லைனுக்கு ஒரு லீடர். லீடர் ஆகிவிட்டால் வேலை நிரந்தரம். மற்றவர்கள் எல்லாம் ஆர்டர் இருக்கும்வரைதான். ஆர்டர் குறைந்தால் ஒருநாள் காலையில் பஸ் வராது, அதுதான் அறிவிப்பு. ஒரு தடவை அப்படிப் பாதி லைன் போய்விட்டது. அவர்களில் ஒருத்தி பஸ் வராத முனையில் மத்தியானம் வரைக்கும் நின்றுகொண்டிருந்தாள் என்று சொன்னார்கள். அதிலிருந்து எனக்கு அந்த நிரந்தரத்தின் மேல் ஒரு வெறி. நகை மேல்கூட எனக்கு அப்படி ஓர் ஆசை இருந்ததில்லை.

ஒரு சமயம் குடும்பத்தாரை அழைத்துக் கம்பெனியைச் சுற்றிக்காட்டுகிற விழா வைத்தார்கள். நாங்கள் இஸ்திரி போட்ட சட்டைகளில் எங்கள் வீட்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஃபோர்மேன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லைனை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் பார்வையிட்டார். இது குழந்தைகள் மணி கோக்கிற மாதிரியல்லவா இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி அபிப்பிராயம் சொன்னார். மேனேஜர் வந்து அவர் கையைக் குலுக்கி, உங்கள் வீட்டம்மா நன்றாக வேலை செய்கிறார் என்றார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் குளிர்பானத் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவளுக்குப் பொழுது போகணுமில்ல சார், அதான் அனுப்பறேன்" என்றார் என் வீட்டுக்காரர். "மத்தபடி எங்களுக்கு ஒண்ணும் அவசியமில்ல. நான் ஃபோர்மேன்."

மேனேஜர் முகமெல்லாம் மரியாதை. அதைப் பார்த்த மூட்டுவலியின் புருஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, டாக்டர் சொன்ன கதையை ஆரம்பித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. எங்கள் வீட்டு நுணல் வாயைத் திறந்தது, கெட்டது நான். ஆனால் அது அன்றைக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் எங்கள் லீடரின் புருஷனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவள் வேலைதான் நிரந்தரம், அவள் நிரந்தரமில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். போகும்போது அடுத்த லீடராக என்னைப் போடும்படி ஆபீஸில் சொல்லிவிட்டுத்தான் போனாள். லைனில் யாருக்கும் சந்தேகமே இல்லை. மூட்டுவலி அன்றே என்னை லீடர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நான் கண்டித்தேன். கண்டித்தேனே தவிர, அவள் கூப்பிடும்போதெல்லாம் முதல் கூப்பாட்டுக்கே திரும்பிப் பார்த்தேன்.

அந்த வார நடுவில் டிராலி என் பக்கத்தில் வந்து நின்றான். எங்கள் லைனுக்கு வயர் உருளைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வருகிறவன் அவன், அதனால் அந்தப் பெயர். நல்லவன். எங்கள் கால் விரல்களைத் தவிர வேறு எதற்கும் கெடுதல் செய்யாதவன். எந்த உருளையை எந்தத் தட்டில் வைப்பது என்று இன்றுவரை எங்களைக் கேட்டுத்தான் வைப்பான். முகம் வெளுத்துப்போய் நின்றவன், தன்னைத்தான் லீடராகப் போடப்போகிறார்கள் என்றான்.

"நான் கேக்கவே இல்லக்கா. திங்கக்கிழமையிலேர்ந்துன்னு மேனேஜரே கூப்பிட்டுச் சொல்றாரு."

நேரே மேனேஜர் ரூமுக்குப் போனேன். அவர் கோபப்படவே இல்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அப்பா மகளிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"உங்க வீட்டுக்காரரே சொன்னாரேம்மா. உங்களுக்கு இது பொழுதுபோக்கு. பொறுப்பைக் குடுத்து அந்த சந்தோஷத்தைக் கெடுக்க வேணாமேன்னு பாத்தேன். அந்தப் பையனுக்கு நாளைக்குக் குடும்பம்னு ஒண்ணு வரப்போகுது, பாவம்."

வரப்போகிற குடும்பத்துக்கு நிரந்தரம். ஏற்கெனவே வந்து உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிடுகிற குடும்பத்துக்கு, பஸ் வந்தால் உண்டு. என் வீட்டுக்காரருக்கு ஆலை மூடியதிலிருந்து வேலையே இல்லை என்று சொன்னேன். மேனேஜர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒரு பதவிக்காகக் கட்டினவரை இப்படி விட்டுக்கொடுத்துப் பேசக் கூடாது என்று புத்தி சொன்னார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் சொன்னாரே.

ஆக, அவர் வாயால் வந்த கெடுதல் அவர் வாயால்தான் போக வேண்டும். பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரத்தைத் தேய்த்தேன், துணியை அலசிப் போட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. நான் புரண்டு படுத்தேன். மாமியார் ஓடிவந்து, பஸ் போய்விடும் என்று உலுக்கினார்.

"போகட்டும் அத்தை."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். இப்பல்லாம் வீட்டுலயே எனக்குப் பொழுது நல்லாப் போகுது."

எனக்குச் சேர்ந்திருந்த லீவு கொஞ்சம் இருந்தது. அதை வீட்டில் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு டிவி பார்த்தேன். மத்தியானம் தூங்கினேன். பகலில் எங்கள் வீட்டுக்குள் வெயில் எந்தப் பக்கமாக வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபோர்மேன் டீக்கடைக்குப் போய், போதும் நில் என்று தானே சொல்லிவிட்டதாக அறிவித்தார். அன்று அவருக்கு நடையே மாறிவிட்டது. டீக்கடைக்காரரும் மரியாதையாகக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் மாமியாரின் மாத்திரை அட்டையில் ஒன்றே ஒன்று பாக்கி. அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகன் டிவியைப் பார்த்தார். மாமியார் இடித்த புளி மாதிரி கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் அவர்தான் இல்லையா, அதன் மறுமுனை எங்கே குத்துகிறது என்று முதலில் புரிந்ததும் அவருக்குத்தான். எழுந்து போய் மகன் காதில் ஏதோ சொன்னார்.

எப்போது திரும்பப் போவதாக உத்தேசம் என்று ஃபோர்மேன் வந்து கேட்டார். பொழுது போகாமல் கஷ்டப்படும்போது சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அவர் உட்கார்ந்தார். பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன்: டிராலியை, திங்கட்கிழமையை, அவர் கை குலுக்கியபோது சொன்னதை, மேனேஜர் எனக்குச் சொன்ன புத்தியை. கடைசியில் என் நிபந்தனையைச் சொன்னேன். மேனேஜர் ரூமுக்கு வர வேண்டும். என் முன்னால் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

"இவ சம்பளத்துலதான் சார் எங்க வீட்டு அடுப்பு எரியுது. இதை மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். குதித்து ஓய்ந்தபின் பேரம் பேச ஆரம்பித்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் வீட்டில் நடந்தது அந்த ஒரு வாக்கியத்தின் ஒத்திகை. கண்ணாடிக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவ சம்பளத்துலயும் சார்" என்று ஆரம்பித்தார். அந்த 'உம்' எதற்கு என்று கேட்டேன். பாக்கி அடுப்பு எந்தச் சம்பளத்தில் எரிகிறது? சரி என்று மாற்றி, "இவ சம்பளமும் ஒரு வகையில ஒத்தாசையா" என்றார். அதுவும் ஆகாது என்றேன். "நாட்டுப் பொருளாதாரம் இருக்கிற நெலமையில" என்று தூரத்திலிருந்து சுற்றி வந்து பார்த்தார். மேனேஜர் ரூமுக்கு நாடு வர வேண்டாம், அடுப்பு வந்தால் போதும் என்றேன். உருக்கின இரும்பையே கையசைப்பில் நிறுத்தின மனுஷனுக்கு, தொண்டையில் 'தா' வந்தது, 'ன்' வரவில்லை. அடுப்படியிலிருந்து மாமியார் "தான், தான்" என்று வாத்தியார் மாதிரி எடுத்துக்கொடுத்தார். மாத்திரை அட்டை காலியாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் கேட்டார்.

"அதைச் சொல்லிட்டேன்னா, அப்புறம் நான் யாரு?"

எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே கோபமும் இருந்தது, பாவம் வந்ததனால் கோபம் குறையவில்லை.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியுங்க. நான் யாருன்னுதான் மேனேஜருக்குத் தெரியல."

திங்கட்கிழமை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பஸ் நிறையப் பெண்கள், ஒரே ஓர் ஆண்பிள்ளை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. மேனேஜர் ரூம் வாசலில், நான் இல்லாத நாட்களில் எங்கள் லைனிலிருந்து போய்த் திரும்பி வந்த பெட்டிகள் அடுக்கியிருந்தன. டிக் சத்தம் கேட்காமல் போன பெட்டிகள்.

அவர் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். காது இரண்டும் சிவந்துபோய், மேஜை மேலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு, "இவ சம்பளத்துலதான் சார் எங்க வீட்டு அடுப்பு எரியுது. ஆலை மூடினதிலேர்ந்து எனக்கு வேலை இல்ல" என்றார். நான் கேட்காத இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமான புதிதில்கூட அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை.

மேனேஜருக்கும் மனசு இளகிவிட்டது. எழுந்து வந்தார். என்னைத் தாண்டிப்போய் என் வீட்டுக்காரர் தோளில் கையை வைத்தார்.

"இவ்வளவு கஷ்டத்துல இருந்தீங்களா சார்? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? ஃபோர்மேனா இருந்தவரு, ஆளுங்களை வேலை வாங்கின அனுபவம் இருக்கு. அந்தப் பையன் காத்திருக்கட்டும். லீடர் வேலையை நீங்களே எடுத்துக்குங்க. குடும்பத்தலைவர் ஒருத்தர் வீட்டுல உக்காந்திருக்கிறதை எப்படி சார் பாத்துக்கிட்டிருக்கிறது?"

கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிவிட்டது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது? ஆலை மூடியதற்குப் பிறகு அவரை முதன்முதலாக ஒருவர் வேலைக்கு வா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார். அந்த வெளிச்சத்துக்கு நான் பொறாமைப்படவில்லை. ஒரே ஒரு பேச்சுக்காகக் காத்திருந்தேன்: வேண்டாம் சார், அது இவளுக்கு. அத்தனை கஷ்டமான வாக்கியத்தைச் சொல்லியாகிவிட்டது, இது அதைவிடச் சின்னது.

"எப்ப சார் வரணும்?" என்றார் அவர்.

"இன்னைக்கே இருந்துடுங்க" என்ற மேனேஜர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் நிம்மதிதானேம்மா? லைன் வேலை அவருக்குப் புதுசு. நீங்களே கூட இருந்து கத்துக் குடுத்துடுங்க."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. ஆனால் குரல் எழும்பவில்லை. அது நல்லதாகப் போயிற்று. மெதுவாகப் பேசியதால் இரண்டு பேரும் முழுக்கக் கேட்டார்கள்.

"கத்துக் குடுக்கிறவ லீடரா, கத்துக்கிறவரு லீடரா சார்? வாசல்ல அந்தப் பெட்டியெல்லாம் நான் இல்லாதப்போ போனது. நான் எழுந்து வீட்டுக்குப் போறேன். நாளைக்கும் அதே மாதிரி அடுக்கிக்கலாம். லீடர் வேலை எனக்குன்னா இருக்கேன். இவருக்கு வேலை வேணும்னா இன்னொரு டிராலி வாங்கிப் போடுங்க, தள்ளட்டும். வேலையைக் கத்துக்கிட்டா நானே வந்து சொல்றேன்."

மேனேஜர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இந்தப் பொம்பளையைக் கொஞ்சம் அடக்குங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை, அந்தப் பார்வையே சொல்லிற்று. ஃபோர்மேன் தரையைப் பார்த்தார். தொப்பி போட மாட்டேன் என்று வாட்ச்மேன் வேலையை உதறிவிட்டு வந்தவர். இப்போதும் உதறிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். வீட்டுக்குப் போய் என்ன பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். அவர் தலையை நிமிர்த்தி, மேனேஜரை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"வண்டியை எந்தப் பக்கத்திலேர்ந்து எடுத்துட்டு வரணும்?" என்று என்னைக் கேட்டார்.

அப்படித்தான் நான் லீடர் ஆனேன். டிராலிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன். அவன் பயம் தீர்ந்தது, கூடமாட ஓர் ஆளும் கிடைத்தது. ஃபோர்மேன் முதல் வாரம் முழுக்க வண்டியை வெல்டரின் சம்சாரம் காலில் ஏற்றினார், இரண்டாவது வாரம் பழகிவிட்டார். மத்தியானம் என் டப்பாவைத் திறந்து என்னோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். துணி அலசுவதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, ஊறவைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

கழுத்தில் மாட்டிக்கொள்கிற அட்டை இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வந்தது. அவருடையதில் 'நிரந்தரம்' என்று இருந்தது. என்னுடையதில் 'லைன் லீடர் - இடைக்காலம்' என்று இருந்தது. எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருப்பிக் கொண்டுபோனேன். பிழை இல்லையாம். ஆண்களுக்கு அப்படித்தான் போடுவார்களாம், அவர்களுக்குக் குடும்பப் பொறுப்பு இருக்கிறதாம். என்னைக் கொஞ்சநாள் பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம். பார்க்க ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் மாமியார் இப்போதெல்லாம் சுவரோரம் நின்று, மகனுக்குப் பெரிய கம்பெனியில் நிரந்தர வேலை, மருமகளும் கூடப் போய்வருகிறாள் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரி அதையும் நம்புகிறாள்.

போன வாரம் ஆர்டர் குறைகிறது என்று பேச்சு அடிபட்டது. மேனேஜரிடம் போய் நேராகவே கேட்டேன். ஆள் குறைக்க வேண்டி வந்தால் வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் இடைக்காலங்களைத்தான் முதலில் அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். லைனும் போய், லீடரும் போய்விட்டால், நிரந்தரமாக இருக்கிறவர் அந்த டிராலியை யாருக்காகத் தள்ளுவார் என்று கேட்டேன். மேனேஜர் யோசித்தார். நிஜமாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு ஆளை அனுப்பி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, இதில் உங்கள் அபிப்பிராயம் என்ன சார் என்று கேட்டார்.